அளவுக் கிண்ணம்

அக்கா வீட்டில் நான் கண் விழித்த முதல் நாள் காலையிலேயே ஒரு கலவரம் நேர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், மடக்கிய கை மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே கேப் காட் என்கிற நிலப்பகுதி, அந்தக் கையின் தோள்பட்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில் அக்காவும் அத்தானும் குடியிருக்கிறார்கள். பத்திரிகை ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி மூன்று வார லீவு வாங்கிக்கொண்டு, அக்டோபர் மாதத்தில் அங்கே போயிருந்தேன். விமானப் பிரயாணத்தில் வறண்டு போன தொண்டையோடு சமையலறைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். மாணிக்கத்தைக் கரைத்து வைத்தாற்போல ஒரு பெரிய புட்டி. ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்தேன். புளிப்பும் இனிப்பும் துவர்ப்புமாக வெகு நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றும்போதுதான் புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். 'கிரான்பெர்ரி ஜூஸ் காக்டெயில்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"அக்கா! மோசம் போனேன்! காக்டெயிலைக் குடித்துத் தொலைத்துவிட்டேன்!" என்று கத்தினேன்.

அக்கா ஓடி வந்து புட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அசடே! அது வெறும் பழரசமடி. கால் பங்கு ரசம், மீதி தண்ணீரும் சர்க்கரையும். தனி ரசத்தை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு புளிப்பு. கலந்து விற்பதால் காக்டெயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் குடிக்கிற சரக்கு!"

நானும் சிரித்தேன். சிரித்தபடியே டம்ளரை வைக்கத் திரும்பியபோது மேல் அலமாரி கண்ணில் பட்டது. சேமியா டப்பா, பெருங்காய டப்பா, அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் மாதிரி தெளிவாக இன்னொரு புட்டி. அது வோட்கா. அதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவும் அதைக் கவனித்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

* * *

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இதற்கு மேலே போக முடியாது.

எங்கள் அப்பாவுக்கு நல்ல உத்தியோகம், நல்ல மனசு, நல்ல குரல். எல்லாம் மாலை ஆறு மணி வரையில். ஆறு மணிக்குச் சட்டைப் பையில் ஒரு குவார்ட்டர் புட்டியோடு வருவார். எவர்சில்வர் டம்ளரை எடுப்பார். புட்டி கவிழும்போது 'களக், களக்' என்று ஒரு சப்தம் கேட்கும். பக்கத்து அறையில் பாடம் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இருவரும் அந்தச் சப்தத்தை எண்ணுவோம். அம்மாவின் வளையல்கள் போயின. தையல் மெஷின் போயிற்று. கடைசியில் ஈரல் கெட்டு அப்பாவும் போனார். நான் அப்போது கல்லூரியில் இரண்டாவது வருஷம். என் மிச்சப் படிப்புக்கு அக்காதான் சம்பாதித்துப் பணம் கட்டினாள். அந்த எவர்சில்வர் டம்ளரை அம்மா பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள்.

அப்படிப்பட்ட அக்காவின் அலமாரியில் வோட்கா!

* * *

சனிக்கிழமையன்று பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களைக் கிரான்பெர்ரி அறுவடை பார்க்க அழைத்துப் போனாள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். காரை ஓட்டுகிற வேகத்தில் பதினேழுதான்.

கிரான்பெர்ரிப் பழம் பார்வைக்கு நம் களாக்காய்தான். அதே அளவு, அதே சிவப்பு, பல்லைக் கூச வைக்கும் அதே குணம். வட அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. சதுப்பு நிலத்தில் தரையோடு தரையாகக் கொடி படர்ந்து காய்க்கிறது. அதைப் பயிராக்க முதலில் வழி கண்டவர் ஹென்றி ஹால் என்ற ஒரு பழைய போர் வீரர்; வருஷம் 1816; ஊர் டென்னிஸ். பந்தாட்டம் அல்ல, இதே கேப் காட்டில் ஓர் ஊரின் பெயர் அது. கடற்காற்று வாரி வந்து கொட்டிய மணலில் மூடிப்போன கொடிகள் முன்னைவிடச் செழித்ததை அவர் பார்த்தார். நாமாகவே மணலைப் போட்டால் என்ன என்று யோசித்தார். இன்றைக்கும் தோட்டக்காரர்கள் சில வருஷங்களுக்கு ஒரு முறை கொடிகளின் மேல் மணல் பரப்புகிறார்கள்.

படங்களில் பார்த்துவிட்டு இது தண்ணீருக்குள் வளர்கிற பயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அறுவடைச் சமயத்தில்தான் தண்ணீரைக் கட்டுகிறார்கள். மத்து மாதிரி சுழலும் உருளைகள் பூட்டிய வண்டி ஒன்று தண்ணீரைக் கடைந்துகொண்டு போகிறது. பழங்கள் கொடியிலிருந்து கழன்று மேலே வந்து மிதக்கின்றன. பாட்டி ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். உள்ளே நான்கு சின்ன அறைகள். அவற்றிலுள்ள காற்றுதான் மிதக்க வைக்கிறதாம். நல்ல பழமானால் தரையில் போட்டால் பந்து போலத் துள்ள வேண்டும், துள்ளாதது அழுகல். இடுப்பளவு ரப்பர் உடுப்பு மாட்டிய ஆட்கள், கால் ஏக்கர் குங்குமத்தைக் கயிறு போட்டு இழுப்பது மாதிரி மிதவை வளையத்தை இழுத்து, அத்தனை பழத்தையும் ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"1959-ல் நான் சிறு பெண். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிரான்பெர்ரி கிடையாது" என்றாள் பாட்டி.

அது ஒரு கதை. அந்த வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி, மத்திய சுகாதார மந்திரி ஆர்தர் ஃபிளெமிங், ஒரு பகுதி விளைச்சலில் களைக்கொல்லி மருந்து கலந்திருப்பதாக அறிவித்தார். அமெரிக்கர்களின் நன்றித் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அன்றைக்கு வான்கோழியோடு கிரான்பெர்ரித் தொக்கு இல்லாவிட்டால் பொங்கலன்று கரும்பு இல்லாத மாதிரி. நாடெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரே ஒரு பண்டிகையை நம்பிப் பிழைத்தால் இதுதான் கதி என்று தோட்டக்காரர்கள் உணர்ந்தார்கள். பன்னிரண்டு மாதமும் விற்கக்கூடிய பழரசத்தில் மும்முரமாக இறங்கினார்கள். ரசம் வீட்டுக்கு வீடு வந்ததும் அதில் வோட்காவைக் கலப்பவர்களும் பெருகினார்கள். அந்தக் கலவைக்குப் பெயரே 'கேப் காடர்'. கேப் காட்டுக்காரர் என்று அர்த்தம்.

"இன்றைக்குச் சாயங்காலம் உன் அக்கா செய்து தருவாள். எனக்கு அவள் கைப்பக்குவம்தான் பிடிக்கும்" என்றாள் பாட்டி, வெகு சகஜமாக.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

* * *

அன்று மாலை அக்கா செய்ததை ஓரமாக நின்று பார்த்தேன். ரசப்பொடிக்குச் சாமான் நிறுப்பதுபோல அத்தனை நிதானம்.

உயரமான கண்ணாடி டம்ளர். அதில் விளிம்பு வரையில் பனிக்கட்டி. "கொஞ்சமாகப் போட்டால்தானே நீர்த்துப் போகாது?" என்று கேட்டேன். நேர்மாறாம். இரண்டு கட்டிதான் போட்டால் அவை சீக்கிரம் கரைந்து பானம் சப்பென்று போய்விடும். டம்ளர் நிறையப் போட்டால் ஒன்றுக்கொன்று குளிர்ச்சி கொடுத்து மெல்லத்தான் கரையும்.

பிறகு இரண்டு பக்கமும் வாயுள்ள ஒரு சின்ன உலோகக் கிண்ணம். உடுக்கை மாதிரி இருக்கும். பெரிய பக்கம் 45 மி.லி. பிடிக்கும். அதில் தளும்பாமல் வோட்காவை அளந்து ஊற்றினாள். அடுத்து, புட்டியில் வரும் கிரான்பெர்ரி ரசம் 120 மி.லி. கால் மூடிப் பச்சை எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, தோலையும் உள்ளே போட்டு, நீளக் கரண்டியால் மூன்றே சுற்று. சர்க்கரை சேர்க்காத தனி ரசமானால் 30 மி.லி. எடுத்து, 75 மி.லி. தண்ணீரும், மூன்று தேக்கரண்டி சர்க்கரைப் பாகும் சேர்க்க வேண்டும். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு. அது கசப்பையும் துவர்ப்பையும் அடக்கிவிடும். எலுமிச்சையை விட்டுவிட்டால் வெறும் தித்திப்பு, இரண்டு மடக்கில் திகட்டிவிடும்.

பாட்டிக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. நாலாவது டம்ளரில் வோட்கா இல்லை. அதற்குப் பதிலாகச் சோடாவும் அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறும் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"வோட்காவுக்குத் தனி ருசி கிடையாது. தொண்டையில் ஒரு காரம் காட்டும், அவ்வளவுதான். அந்த வேலையை இஞ்சி செய்யும்."

நிஜமாகவே அபாரமாக இருந்தது. ஆனாலும் என் மனம் இறங்கவில்லை. விருந்தினர் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கிண்ணத்தைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு குவார்ட்டர் எத்தனை மி.லி.?"

"நூற்றெண்பது."

"இதில் எத்தனை கிண்ணம்?"

"நாலு."

"அந்த நாலையும் அப்பா தினம் ஒரே மூச்சில் குடித்தார். நான் சனிக்கிழமை ஒரு கிண்ணம், அதுவும் நாலு பேரோடு உட்கார்ந்து. தனியாகத் தொடமாட்டேன், அளக்காமல் ஊற்றமாட்டேன். அப்பா ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது, எனக்குத் தெரியாதா? இந்தப் பானம் சரியாக அமைந்துவிட்டால் அதில் வோட்கா இருப்பதே நாக்குக்குத் தெரியாதடி. ருசியாகச் செய்யச் செய்ய அபாயமும் ஜாஸ்தி. அதனால்தான் நாக்கை நம்பாமல் கிண்ணத்தை நம்புகிறேன்."

"தொடாமலே இருந்துவிட்டால் கிண்ணமே வேண்டாமே?"

"அதுவும் சரிதான்" என்றாள் அக்கா. கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

* * *

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் வெளியூர் போயிருந்தார். அக்கா வேலையிலிருந்து வந்தாள். மேல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆள் குறைக்கிறார்களாம். ஜாபிதாவில் என் பெயரும் இருக்கிறது போலிருக்கிறது" என்றாள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மேல் அலமாரியைத் திறந்துவிட்டாள். பெருங்காய டப்பா உருண்டு விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. டம்ளரை எடுத்தாள். பனிக்கட்டி இல்லை, ரசம் இல்லை, எலுமிச்சை இல்லை. புட்டி கவிழ்ந்தது.

களக், களக்.

இருபது வருஷம் கழித்து, எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால், அதே சப்தம். என் கை கத்தியோடு அப்படியே நின்றுவிட்டது. சத்தம் போடலாமா, புட்டியைப் பிடுங்கலாமா என்று பதறினேன். அம்மா அந்த இரண்டையும் வருஷக்கணக்கில் செய்து பார்த்தவள், பலித்ததில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்து மேஜையில், அவள் கைக்கு எதிரில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடியும் பீன்ஸ் நறுக்கத் தொடங்கினேன். எத்தனை கோணல்மாணலாக நறுக்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்தச் சப்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து அறையில் என்னோடு சேர்ந்து எண்ணினவள்தானே? கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைத் தொட்டியில் கவிழ்க்கும் ஓசை கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள்.

பிறகு கேட்டாள்: "இஞ்சி இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன்.

* * *

சென்னைக்குத் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவள் எப்படி இருக்கிறாள்?" என்பதுதான். வேலை விஷயத்தைச் சொன்னேன். சிவப்பாகப் பழம் மிதக்கும் வயலைச் சொன்னேன். காக்டெயில் என்று பயந்துபோன கதையைச் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கிண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் சில இரவுகளில் தோன்றுகிறது.

போன வாரம் அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். வேறு பிரிவில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான். பேசி முடிக்கிற சமயத்தில், "இந்த ஊரில் இஞ்சி விலை ஏறிக்கொண்டே போகிறதடி" என்று அலுத்துக்கொண்டாள்.

"ஏறட்டும். நீ வாங்கு" என்றேன்.