ரிச்சி தெருவில் ஒரு லேப்டாப் படலம்

மவுண்ட் ரோடில் நின்று "ரிச்சி தெரு எங்கே?" என்று கேட்டால் யாரும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. மோவாயால் காட்டுகிறார்கள். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன், பறக்கும் ரயிலில் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன். எதில் வந்தாலும் கடைசி நூறு மீட்டருக்கு உங்கள் சொந்த முயற்சி தேவையில்லை. கூட்டமே தோளால் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிடும்.

பெயர்தான் ரிச்சி தெருவே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றிலும் கிளை விட்டிருக்கிறது. ஒரு காலத்தில் மீரான் சாகிப் தெரு என்றால் சினிமா விநியோகஸ்தர்கள், ரிச்சி தெரு என்றால் ரேடியோ சாமான். இன்னும் பின்னால் போனால், 1734-ல் கவர்னர் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அன்றைக்கு நூலை வைத்துப் பிழைத்த இடம், இன்றைக்கு ஒயரை வைத்துப் பிழைக்கிறது.

இங்கே நான் போன காரணம், 2016-ல் வாங்கிய என் லேப்டாப். கீல் உடைந்து, ஸ்க்ரீன் ஒரு தடிமனான டிக்‌ஷனரியின் மேல் சாய்ந்து கொண்டுதான் உயிர் வாழ்ந்தது. டிக்‌ஷனரியில் அர்த்தம் பார்க்க எடுத்தால் ஸ்க்ரீன் மல்லாந்துவிடும்.

ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது ஸார். லேப்டாப் படுத்தால், "டிக்கெட் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஒன்றாம் தேதி சம்பளம் தவறாது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற என் கதை வேறு. மெஷின் நின்றால் மாவு மில் நின்ற மாதிரி. மோட்டார் ஓடாத மில்லுக்கு யார் அரிசி கொண்டு வருவார்கள்?

வீட்டில் பட்ஜெட் பாஸானது: 45,000 ரூபாய். கூடவே நிதி அமைச்சரின் எச்சரிக்கை. "அதுக்கு மேல போனா, ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸை உங்க லேப்டாப்பே கட்டட்டும்."

தெருவுக்குள் காலை வைத்ததுமே வரவேற்பு ஆரம்பம். "ப்ரோ, லேப்டாப்பா?" "ப்ரோ, சிசிடிவியா?" "ப்ரோ, டிஸ்ப்ளே மாத்தணுமா?" முப்பத்தேழு வயதில், காதோரம் நரைத்தவனுக்கு இத்தனை தம்பிமார்கள்!

முதல் கடையில் பளபளவென்று ஒரு புது மெஷின். விலை 44,990. பட்ஜெட்டை யாரோ ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. ரேம் 8 ஜி.பி.

"பின்னாடி 16 ஆக்கிக்கலாமா தம்பி?"

"முடியாது ப்ரோ. போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க. வேணும்னா 16 ஜி.பி. மாடல் காட்டவா? கொஞ்சம்தான் கூட."

அந்தக் 'கொஞ்சம்' பதினோராயிரம். 2025 கடைசியிலிருந்து உலகம் பூராவும் மெமரி சில்லு விலை எகிறியதுதான் காரணம். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டன. நம் இலைக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது கடையில் நேர் எதிர். "ஐ7 ப்ரோ, வெறும் 16,000!" ஐ7 என்கிற ஸ்டிக்கரைப் பார்த்ததும் யாருக்கும் கொஞ்சம் நாக்கு ஊறும். ஆனால் ஸ்டிக்கரைவிட அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் முக்கியம். இது ஐ7-4600யூ. அந்த முதல் 4, நாலாவது தலைமுறை என்று அர்த்தம். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சமாசாரமும் வேண்டும். நாலாம் தலைமுறை ஐ7 என்பது ஓய்வு பெற்ற கலெக்டர் மாதிரி. மரியாதை உண்டு, கையெழுத்து செல்லாது.

சுற்றிச் சுற்றி, ஒரு மாடிப்படிக்கு அடியில் சர்வீஸ் பெஞ்ச் போட்டிருந்த ஒரு பாயிடம் போய்ச் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு மதர்போர்டு. அதில் எறும்பு சைஸ் சாமான் ஒன்றை, சூடான காற்றை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன வேலை பண்றீங்க தம்பி?"

அதுவரைக்கும் பத்துக் கடைக்காரர்கள் என்னிடம் பேசியிருந்தார்கள். எல்லோரும் "எவ்வளவு பட்ஜெட்?" என்று கேட்டார்களே தவிர, என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை!

சொன்னேன். எழுத்து வேலை. நாள் பூரா தமிழ் டைப்பிங். கூடவே பக்கத்து வீட்டு மளிகைக்கடைக் கணக்கு, எக்ஸெல்.

"கேம் ஆடுவீங்களா? வீடியோ வெட்டுவீங்களா?"

"இல்லீங்க பாய்."

"அப்புறம் எதுக்குப் பெரிய இன்ஜின்? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பின்னாடி மாத்த முடியறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. மாத்த முடியாததை முதல்ல பாருங்க. எஸ்.எஸ்.டி. மாத்தலாம், பேட்டரி மாத்தலாம், ஸ்லாட் இருந்தா ரேம் மாத்தலாம். ப்ராசஸரை மாத்த முடியாது. பாடி, கீல் மட்டமா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணுக்கு ஸ்க்ரீன், கைக்குக் கீபோர்ட். ரெண்டும் ஒத்துப் போகணும். கல்யாணம் மாதிரி."

பி.காம். மூன்று வருஷத்தில் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பக்கத்துக் கடைக்கு அவரே அனுப்பினார். கம்பெனிகள் மூன்று, நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த மெஷின்கள் அங்கே வரிசையாக இருந்தன. லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக். ஆபீஸுக்கென்றே செய்த ஜாதி. பார்வைக்கு அழகில்லை, பிரித்து ரிப்பேர் பண்ணச் சுலபம். கீபோர்டைப் பார்த்தாலே முன்னாள் எஜமானரைச் சொல்லிவிடலாம். கன்ட்ரோல், சி, வி மூன்றும் தேய்ந்திருந்தால் சாஃப்ட்வேர்க்காரர். பேக்ஸ்பேஸ் தேய்ந்திருந்தால் மேலதிகாரிக்கு மெயில் எழுதியவர்.

14 அங்குல மெஷின் ஒன்று பிடித்தது. ஐ5-1145ஜி7, அதாவது 11-ம் தலைமுறை. 16 ஜி.பி. ரேம், ஸ்லாட் இரண்டு. கடைக்காரத் தம்பி அசந்த நேரத்தில் தமிழ்99 முறையில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். விரல் சந்தோஷப்பட்டது.

பிறகு பாயின் பாடப்படி பரீட்சை. ஸ்க்ரீனை ஒரு ஓரத்தில் பிடித்துத் திறந்தேன், கீல் முனகவில்லை. பயாஸுக்குள் போனேன், பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இல்லை. அதில் இருந்த சீரியல் நம்பரும் அடிவயிற்று ஸ்டிக்கரில் இருந்ததும் ஒன்று. விண்டோஸிலேயே 'பேட்டரி ரிப்போர்ட்' என்று ஒன்று எடுக்கலாம். பேட்டரியின் ஜாதகம் அது. பிறந்தபோது கொள்ளளவு 63,000 என்றும் இப்போது 41,000 என்றும் சொன்னது. அதாவது 65 சதவீதம்.

"பேட்டரி வீக்கா இருக்கே தம்பி?"

தம்பியின் முகமும் கொஞ்சம் வீக்கானது. 33,500 சொன்னவர், புது பேட்டரி போட்டு 32,000-க்கு இறங்கினார். இறங்கியவர் காதருகே வந்து, "பில் வேணாம்னா இன்னும் ஆயிரம் குறைக்கலாம் ப்ரோ" என்றார்.

ஒரு காமர்ஸ் பட்டதாரியிடம் கேட்கக் கூடாத கேள்வி! பில் இல்லையென்றால் ஆறு மாத வாரன்டி வெறும் வாய்வார்த்தை. வருமான வரிக் கணக்கிலும் எழுத முடியாது. பில்லிலேயே சீரியல் நம்பர், வாரன்டி, புது பேட்டரி மூன்றையும் எழுத வைத்து வாங்கினேன்.

மிச்சம் 13,000. ஸ்கூல் ஃபீஸ் தப்பித்தது. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைப் பாய் கழற்றி, 350 ரூபாய் கேஸிங் ஒன்றில் போட்டுக் கொடுத்தார். பத்து வருஷ எழுத்து இப்போது சட்டைப் பையில் அடங்கிவிட்டது.

கிளம்பும்போது ஒரு கணக்குப் போட்டேன். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம். அந்தக் கணக்கில் என் 32,000 ரூபாய் மெஷினுக்கு ஐந்து வருஷம் கழித்து மதிப்பு 2,488 ரூபாய். பாயிடம் சொன்னேன்.

சிரித்தார். "கீல் ஆடாம, கீபோர்ட் தேயாம கொண்டாங்க தம்பி. நாலாயிரத்துக்கு நானே எடுத்துக்கறேன். ஸ்பேர்ஸுக்கு ஆகும்."

சர்க்கார் கணக்கைவிட மாடிப்படிக் கணக்கில் எனக்கு 1,512 ரூபாய் லாபம். கீலை மெதுவாகத்தான் திறக்கிறேன்.