ஒரு கையின் ஓசை

'ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. அதனைக் கேட்கும்போதெல்லாம் என் முகத்தில் ஒரு புன்முறுவல் தோன்றும். ஏனெனில், ஒரு கையால் தட்டியே பேரவைகளை வியக்கச் செய்த ஒரு பெரியவர் எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் வாழ்ந்தார். அவர் பெயர் மாமுண்டியா பிள்ளை. அவர் கையில் இருந்த கருவி கஞ்சிரா. அவரை நான் கண்டதில்லை; நான் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, 1922ஆம் ஆண்டில், அவர் மறைந்தார். ஆயினும் என் உள்ளத்தில் அவருக்குத் தனியோர் இடம் உண்டு. அவ்விடம் வாய்த்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், என் பிழை ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் சிற்றூர் குடுமியான்மலைக்கு அருகில் உள்ளது. குடுமியான்மலையின் பெருமையைப் பலரும் அறிவர். அங்குள்ள குன்றின் சரிவில், குடைவரைக் கோயிலை அடுத்து, ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகள் பல்லவ கிரந்த எழுத்தில் அப்பாறையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதுவர். ஓலையில் எழுதினால் செல்லரிக்கும். நெஞ்சில் எழுதினால் மறதி அழிக்கும் என்று எண்ணினர் போலும் அக்காலத்துப் பெரியோர்! அவர்கள் இசையைக் கல்லில் எழுதி வைத்தனர். ஆனால், அக்கல்லின் நிழலில் ஓடி விளையாடிய எனக்கோ, என் கண்ணெதிரே இருந்த இசையின் அருமை தெரியவில்லை.

மார்கழித் திங்களில் எங்கள் ஊரில் பஜனை நடைபெறும். விடியற்காலையில், பனி புகைபோல் படர்ந்திருக்கும் வேளையில், பத்துப் பதினைந்து பேர் தெருக்களைப் பாடிக்கொண்டு வலம் வருவர். அவர்களுக்கு முன்னே செல்பவர் ஒரு முதியவர். அவர் தொழிலால் தச்சர். ஏர்க்கலப்பையும் வண்டிச் சக்கரமும் செய்து காய்த்துப்போன அவர் வலக்கை, மார்கழி பிறந்துவிட்டால் வேறொரு கையாக மாறிவிடும். இடக்கையில் கஞ்சிராவை ஏந்தி, வலக்கையால் அதனைத் தட்டி, தாமே பாடியும் வருவார். அவர் குரலில் இனிமையைக் காட்டிலும் உருக்கம் மிகுதி. ஒருவர் ஒரே வேளையில் பாட்டையும் தாளத்தையும் நடத்திச் செல்லுதல் எளிதன்று. பாட்டு ஒரு வழியில் இழுக்கும். தாளம் மற்றொரு வழியில் இழுக்கும். இரண்டையும், நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போல, அவர் ஒருநேராகச் செலுத்துவார்.

பஜனை தொடங்குமுன் அவர் தெருவோரத்தில் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டுவார். கஞ்சிராவை அத்தீயின் முன் காட்டி, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்ப்பார். பனியில் நனைந்து தளர்ந்த தோல் சிறிது சிறிதாக இறுகும், ஓசையும் தெளியும். பகலிலோ, வெயிலால் தோல் இறுகிவிட்டால், உட்புறத்தில் சில துளி நீர் தெளித்து அதனை இளக்குவார். குழந்தைக்குக் குளிருமோ வெயில் சுடுமோ என்று தாய் பார்ப்பதுபோல் அவர் அதனைப் பார்த்து வந்தார்.

அக்கருவியின் அமைப்பு மிக எளிது. பலா மரத்தால் கடைந்த ஒரு வட்டச் சட்டம். ஒரு சாணைக் காட்டிலும் அதன் குறுக்களவு அதிகம் மிகாது. அதன் ஒரு புறத்தில் தோல் போர்த்தியிருக்கும், மறுபுறம் திறந்திருக்கும். சட்டத்தில் ஒரு துளையிட்டுச் சிறு உலோக வில்லைகளைக் கோத்திருப்பர். தட்டும்போது தோலின் ஓசையோடு அவ்வில்லைகளும் கலகலவென ஒலிக்கும். அவ்வளவே!

ஒரு நாள், புதுக்கோட்டை நகரப் பள்ளியில் என்னோடு படித்த நண்பர் இருவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். அவர்கள்முன் என் அறிவைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. பஜனை எங்கள் வீட்டு வாயிலில் நின்றபோது, "பாருங்கள், மிருதங்கம் வாங்கப் பணமில்லை, தாத்தா அப்பளத்தைத் தட்டிக்கொண்டு வருகிறார்!" என்று உரக்கச் சொன்னேன். நண்பர்கள் சிரித்தனர். தெருப் பிள்ளைகளும் சிரித்தனர். ஒரு கணம் முதியவரின் கை நின்றது. எத்தனையோ ஆண்டுகளாகத் தாளம் பிறழாத அக்கை அன்று ஒரு முறை பிறழ்ந்தது. மறுகணமே அவர் பாட்டைத் தொடர்ந்தார். ஆனால் அன்று முதல் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் 'அப்பளத் தாத்தா' ஆகிவிட்டார்.

மறுநாள் மாலை அவருடைய பட்டறை வழியாகச் சென்றேன். அவர் என்னை அழைத்தார். வசைமொழி வரும் என்று அஞ்சி நின்றேன். அவரோ கஞ்சிராவை எடுத்து என் கையில் கொடுத்து, "தம்பி, இதைச் சிறிது வாசித்துப் பார்" என்றார். நான் தட்டினேன். மரப்பலகையைத் தட்டினாற்போல் ஓர் ஓசை எழுந்தது. "இடக்கை விரல்களால் தோலின் ஓரத்தை அழுத்து, விட்டுவிட்டு அழுத்து" என்றார். என்னால் இயலவில்லை. அவர் அதனை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். 'கும்' என்ற நாதம் மேலே எழுந்து, வளைந்து, கீழே இறங்கி அடங்கியது. என் உடல் சிலிர்த்தது.

"இது சிறிய கருவிதான், தம்பி. ஆனால் நம் புதுக்கோட்டையில் ஒரு பெரியவர் இருந்தார். இதையே கையில் எடுத்துக்கொண்டு…" என்று அவர் தொடங்கினார். அவ்வேளையில் என் நண்பர்கள் தெருமுனையிலிருந்து என்னைக் கூவி அழைத்தனர். "பிறகு வந்து கேட்கிறேன், தாத்தா" என்று சொல்லிவிட்டு நான் ஓடிவிட்டேன்.

அந்தப் 'பிறகு' வரவே இல்லை. நான் மேற்படிப்புக்காக வெளியூர் சென்ற ஆண்டில் அவர் இறந்தார்.

ஆண்டுகள் பல உருண்டன. வேலையின்பொருட்டுச் சென்னையில் வாழ்ந்த காலத்தில், ஒரு மார்கழி மாலை, இசையரங்கு ஒன்றிற்குச் சென்றேன். மேடையில் ஜி. ஹரிசங்கர் கஞ்சிரா வாசித்தார். 1958இல் பிறந்து, 2002இல் இளமை தீராமுன்னரே மறைந்த பெருங்கலைஞர் அவர். அவர் கையில் கஞ்சிரா பேசியது, சிரித்தது, இடிபோல் முழங்கியது. மிருதங்கக்காரர் இரு கைகளாலும் வாசித்த அரிய கோவைகளுக்கு அவர் ஒரு கையாலேயே மறுமொழி தந்தார். அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நான் புதுக்கோட்டைக்காரன் என்று அறிந்ததும், "அப்படியானால் இது உங்கள் ஊர்ச் சொத்து அல்லவா? மாமுண்டியா பிள்ளையைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நாணினேன். எங்கள் ஊர்ப் பட்டறையில் பாதியில் நின்ற கதையை அன்று அவர் வாயிலாகக் கேட்டேன். பின்னர் நூல்களிலும் தேடிப் படித்தேன்.

மாமுண்டியா பிள்ளை 1857ஆம் ஆண்டில் பிறந்தவர். மான்பூண்டியா பிள்ளை என்றும் அவரைச் சொல்வதுண்டு. மாரியப்பர் என்ற தவில் வித்துவானிடம் அவர் லயக் கல்வி பயின்றார் என்பர். அக்காலத்தில் கஞ்சிரா பஜனைக்கு உரிய கருவியாகவே இருந்தது. தெருவிலே பாடுவோரும் மடங்களிலே பாடுவோரும் தாளத் துணையாக அதனைத் தட்டுவர். கச்சேரி மேடையில் அதற்கு இடமில்லை. மாமுண்டியா பிள்ளை அக்கருவியை ஆராய்ந்தார். கலகலக்கும் வில்லைகளைக் குறைத்து, தோலின் நாதம் முதன்மை பெறும்படி அதனைச் செப்பம் செய்தார் என்று இசையுலகம் அவரைப் போற்றுகிறது. தவிலின் கணக்குகளையும் மிருதங்கத்தின் சொற்கட்டுகளையும் ஒரு கைக்குள் அடக்கப் பழகினார். பத்து விரல்கள் செய்யும் வேலையை ஐந்து விரல்களால் செய்வதென்றால் அதற்கு எத்தனை நாள் உழைப்பு வேண்டும்! அவ்வுழைப்பின் பயனாகத் தெருவில் இருந்த கருவி மேடை ஏறியது.

அவர் இன்னொரு பெருஞ்செல்வத்தையும் விட்டுச் சென்றார். அது மாணவர் பரம்பரை. மிருதங்கக் கலையில் தஞ்சாவூர் வழி என்றும் புதுக்கோட்டை வழி என்றும் இரு பெரும் மரபுகளைச் சொல்வர். அவற்றுள் புதுக்கோட்டை வழிக்கு மூலவர் மாமுண்டியா பிள்ளையே. அவருடைய மாணவருள் தலைசிறந்தவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. 1875 முதல் 1936 வரை வாழ்ந்த அவர், மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் ஒப்பற்றவராக விளங்கினார். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரர் பலர் வரிசையாக அமர்வர். நீதிபதிகள் பலர் ஒருங்கே அமரும் நீதிமன்ற ஆயத்துக்கு ஒப்பிட்டு, அக்கச்சேரிகளை 'ஃபுல் பெஞ்ச்' என்றே மக்கள் அழைத்தனர். அவ்வரிசையில் கஞ்சிராவுடன் அமர்ந்தவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. நாடெங்கும் புகழ் பெற்ற பின்னரும் அவர் தம் ஆசிரியரை மறந்தாரல்லர்; அவர் நினைவாகப் புதுக்கோட்டையில் குருபூசை நடத்தி வழிபட்டார். கற்றுக்கொண்டது கைக்கு வரும். கற்பித்தவரை மறவாமை நெஞ்சுக்கு வரவேண்டும் அன்றோ?

மற்றொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையவர். அவர் மிருதங்கம் வாசிக்க வேண்டுமானால் மேடையில் அமரும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. அதனை விரும்பாதாரும் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெருமனம் படைத்தோர் அவரை ஆதரித்தனர். 1962இல் மறையும்வரை, இடக்கையின் பெருமையை அவர் நாட்டுக்கு உணர்த்தி வந்தார். இகழப்பட்ட கருவியை உயர்த்தியவரின் பரம்பரையில், இகழப்பட்ட கையும் உயர்ந்தது பொருத்தமே.

இத்தகைய செய்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தி நரம்பு கட்டி ஓர் இசைக்கருவி செய்தனர். அதுவே பாஞ்சோ. தோட்டங்களில் துயர் ஆற்றிக்கொள்ளப் பிறந்த அக்கருவியும் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. பிற்காலத்தில் பீட் சீகர் என்னும் நாட்டுப் பாடகர் அதனை ஏந்தி, சம உரிமைக்காகவும் அமைதிக்காகவும் பாடினார். 2014இல், 94ஆம் வயதில், அவர் மறைந்தார். எந்த நாட்டிலும் எளியோரின் கருவி எளிதில் இகழப்படுகிறது. அதன் அருமையை அறிந்த ஒரு கை கிடைத்துவிட்டால் அதுவே உலகை வெல்கிறது. உருவத்தைக் கண்டு இகழாதீர் என்று வள்ளுவர் அறிவுறுத்தியது மாந்தர்க்கு மட்டுமோ?

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழியில், என் ஊருக்குச் சென்றேன். விடியற்காலையில் பஜனை ஒலி கேட்டு வாயிலுக்கு வந்தேன். முன்னே ஒரு சிறுமி கஞ்சிரா தட்டி வந்தாள். அவள் அந்த முதியவரின் கொள்ளுப்பேத்தி. சட்டம் அவர் கடைந்த அதே பலாச் சட்டம். ஆனால் தோல் புதியது. முற்காலத்தில் கஞ்சிராவுக்கு உடும்புத் தோலையே போர்த்துவர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காத்து நிற்பதால், இன்று ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. "ஆட்டுத் தோல்தான், தாத்தா. நாதம் சற்று வேறு, கை பழகிவிட்டால் இதுவும் பேசும்" என்றாள் அவள். ஓர் உயிரைக் காப்பதற்காகக் கலை தன் வழியைச் சிறிது மாற்றிக்கொள்வதில் இழிவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

"உன் பாட்டனாரிடம் ஒரு கதை கேட்க மறந்துவிட்டேன், அம்மா" என்றேன். அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். அவர் சொல்லத் தொடங்கி, நான் கேளாமல் ஓடிய அக்கதையை, மாமுண்டியா பிள்ளையின் கதையை, அன்று அவளுக்கு நான் சொன்னேன். என் பிழையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் இறுதிவரை கேட்டாள். பிறகு கஞ்சிராவை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். 'கும்' என்ற அந்த நாதம், மேலே எழுந்து, வளைந்து, பனியினூடே சென்று அடங்கியது.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு முதியவர் இருப்பார். அவர் கையில் ஓர் எளிய கருவியும், நெஞ்சில் ஒரு கதையும் இருக்கும். அவர் சொல்லத் தொடங்கும்போது, 'பிறகு வருகிறேன்' என்று ஓடிவிடாதீர்கள். சிறிது நேரம் நின்று கேளுங்கள்.