கடைசி நாட் கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் ஊவா மலைநாட்டில் வாழும் எம்போன்றோருக்கு ஓர் ஆசையும் கூடவே பிறந்துவிடும். நுவரெலியாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பதே அந்த ஆசை. ஹாலிஎலயிலும் மலை உண்டு, தேயிலை உண்டு, காலை வேளையில் பனிமூட்டமும் உண்டு. மலையை விட்டு இன்னொரு மலைக்குப் போவதில் என்ன புதுமை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அங்கே அந்த மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும். ஏரியில் படகுகள் ஓடும். இரவில் களியாட்டத் திடலில் விளக்குகள் எரியும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரைப் பந்தயம் நடக்கும். கண்ணுக்கு விருந்தும் மடிச்சீலைக்குச் சோதனையும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் கிடைப்பது வேறெங்கே?

2023ஆம் ஆண்டுச் சித்திரையில் புத்தாண்டு கழிந்த கையோடு நாங்கள் இருவரும் பெரியப்பா, பெரியம்மாவுடன் அங்கே சென்று உறவினர் வீட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். எமது அக்காளின் மகனும் உடன் வந்திருந்தான். பெரியப்பா நாற்பது வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆண்டுக்கு ஒருநாள் பந்தயம் கட்டுவார். அதற்கு மேல் ஒருநாளும் கட்டமாட்டார். பெரியம்மா ஐம்பத்தைந்து வயதுவரை கொழுந்து கொய்தவர். ஆண்டில் எந்த நாளும் பந்தயம் கட்டாதவர். இருவருக்குமிடையே இவ்விடயத்தில் நெடுங்கால உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன் விதிகளைக் கடைசி நாட் காலையிலேதான் நாங்கள் முழுமையாக அறிந்தோம்.

சூதோடு கூடிய உல்லாசப் பயணத்தில் கடைசி நாள் ஒரு தனி நாள். முதல் நாள் மனிதன் வேடிக்கைக்காக விளையாடுகிறான். இரண்டாம் நாள் ஆசைக்காக விளையாடுகிறான். கடைசி நாளிலோ, போனதை மீட்டுக்கொண்டு போகவேண்டும் என்ற ரோசத்துக்காக விளையாடுகிறான். ரோசத்துக்குக் கணக்குத் தெரியாது. எமது மருமகன் முதல் இரண்டு இரவுகளிலும் களியாட்டத் திடலில் வளையம் எறிந்தும், பின்னர் வீட்டு முற்றத்தில் பையன்களோடு சீட்டாடியும், தன் சேமிப்பில் 3,000 ரூபாவை இழந்திருந்தான். மீதியாக அவன் சட்டைப்பையில் இருந்த 3,000 ரூபா அவனுடையதன்று. உயர்தரம் படிக்கும் தங்கையின் வகுப்புக் கட்டணத்துக்காக அக்காள் கொடுத்தனுப்பிய பணம் அது. ஊர் திரும்பும் வழியில் கட்டிவிட்டு வரவேண்டியது.

அன்று காலை பெரியம்மா கட்டிலின் மேல் பணத்தைப் பரப்பி மூன்று பங்காகப் பிரித்தார். முதற்பங்கு பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும். அது உடனே சுருக்குப் பைக்குள் சென்றது. இரண்டாவது ஊர் சுற்றிப் பார்க்கவும் வீட்டுக்கு ஏதேனும் வாங்கிப் போகவும். மூன்றாவதாகிய 2,000 ரூபாவைப் பெரியப்பாவின் கையில் வைத்தார்.

“இது ரெண்டு நாள் கொழுந்து. குதிரைக்குத்தான் கொடுக்கணும்னா கொடுங்க. மூணாவது நாளைத் தேடிக்கிட்டு மட்டும் என்கிட்ட வரக்கூடாது” என்றார்.

இந்தச் சொல்லின் பாரம் தோட்டத்தாருக்குத் தெரியும். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆகவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கோரிக்கை விடுத்து, ஊர்வலம் போய், ஒருவாறாக 2021ஆம் ஆண்டிலேதான் அது கைகூடியது. பனியிலும் வெயிலிலும் அட்டைக்கடியிலும் ஒரு முழுநாள் நின்றால் அப்போது வந்த அந்த ஒற்றைத் தாள், குதிரைத் திடலில் இரண்டு நிமிடத்துக்குள் கைமாறிவிடும்.

காலையில் ஊரைச் சுற்றினோம். 1894இல் கட்டப்பட்ட செங்கல் நிறத் தபாற் கந்தோர், விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட 1897இல் அவர் பெயர் சூட்டப்பட்ட பூங்கா, 1870களில் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் உண்டாக்கப்பட்ட ஏரி எல்லாவற்றையும் பார்த்தோம். மருமகன் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. மணிக்கொருதரம் நேரத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பகல் பந்தயத் திடலை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த திடல் அது. பக்கத்தில் ஏரி, அப்பால் நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால மலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் நாட்டுப் பொழுதுபோக்கை இந்தக் குளிருக்குக் கொண்டுவந்தார்கள். கொழும்பிலும் அவர்களுக்கு ஒரு பெரிய திடல் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அது விமானத் தளமாகவும் பயன்பட்டது. ஐம்பதுகளில் அங்கே ஓட்டம் நின்றுபோயிற்று. நுவரெலியாவிலோ தேசாதிபதிக் கிண்ணம், மகாராணிக் கிண்ணம் என்ற பழம்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தேசாதிபதியும் இல்லை, மகாராணியும் இல்லை. கிண்ணங்கள் மட்டும் இருக்கின்றன.

திடலில் ஒருபுறம் தொப்பியணிந்த சீமாட்டிகள். மறுபுறம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பிவேலியோரம் நெருக்கி நிற்கும் எம்போன்ற சனங்கள். குதிரைகள் வெளிக்கிளம்பும்போது மட்டும் இரு சாராரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். ஓடும் குதிரை அழகு என்பதை மறுக்க முடியாது. ஈரமான புல்லில் குளம்புகள் மோதும் ஓசை முதலில் தூரத்து மழைபோல வந்து, எம்மைக் கடக்கையில் நெஞ்சுக்குள்ளேயே ஓடியது. பந்தயம் கட்டாத பெரியம்மாகூட எழுந்து நின்றுவிட்டார்.

முதல் ஓட்டத்தில் பெரியப்பாவின் 1,000 ரூபா போயிற்று. மருமகன் தங்கையின் பணத்தில் 1,000 ரூபாவைக் கட்டினான், அதுவும் போயிற்று. அவன் முகம் கறுத்தது. பெரியப்பா அவனை அருகே அமர்த்தி, ஒரு கடதாசித் துண்டில் கணக்கப்பிள்ளை எழுத்தில் ஒரு கணக்கு எழுதினார்.

“அஞ்சு குதிரை ஓடுதுன்னு வை. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுக்கு மூணு தர்றேன்னு சொல்றான். எது ஜெயிக்கும்னு தெரியாம, நீ அஞ்சு மேலயும் நூறு நூறு கட்டுறே. மொத்தம் ஐந்நூறு. எது ஜெயிச்சாலும் உனக்கு வர்றது எவ்வளவு?”

மருமகன் யோசித்தான். “முந்நூறும், கட்டின நூறும். நானூறு, தாத்தா.”

“மீதி நூறு யாருக்கு? அவன் குதிரையே வளர்க்கலை தம்பி. அந்த நூறைத்தான் வளர்க்கிறான்.”

இக்கணக்கு குதிரைக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டுக் கசினோக்களில் சுழலும் ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 இலக்கங்கள் இருக்கின்றன. வென்ற இலக்கத்துக்குக் கொடுப்பதோ ஒன்றுக்கு 35. 37 இலக்கங்களிலும் ஒவ்வொரு காசு வைத்தவனுக்குத் திரும்பி வருவது 36 காசுதான். கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த 2010இலேயே சட்டம் இயற்றப்பட்ட நமது நாட்டிலும், 2025 ஆகஸ்டில் கொழும்பில் பெரியதொரு கசினோ திறக்கப்பட்டது. மாளிகை எத்தனை மாடி உயர்ந்தாலும், விளக்குகள் எத்தனை நிறத்தில் எரிந்தாலும், அவை நிற்பது அந்த ஒற்றைக் காசின் மேலேதான்.

கணக்கை விளங்கிக்கொண்ட மருமகன், அடுத்த ஓட்டத்தில் மற்றுமொரு 1,000 ரூபாவைக் கட்டினான். கணக்கு வேறு, மனம் வேறு அல்லவா? ஒன்றுக்கு ஐந்து என்று சொல்லப்பட்ட ஒரு செந்நிறக் குதிரை அது. பெரியப்பா தமது கடைசி 1,000 ரூபாவை வேறொரு குதிரைமேல் கட்டினார். அவர் குதிரை பின்தங்கியது. செந்நிறக் குதிரையோ திருப்பத்தில் வெளிப்பக்கமாக வந்து, எல்லாரையும் முந்தி எல்லைக்கோட்டைத் தாண்டியது. மருமகன் துள்ளிக் குதித்தான். அவன் கைக்கு 6,000 ரூபா வந்தது.

பெரியம்மா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அதில் தங்கையின் 3,000 ரூபாவை எண்ணி வைத்தான். எஞ்சிய 4,000 ரூபாவையும் அடுத்த ஓட்டத்தில் ஒரே குதிரைமேல் கட்டப்போவதாகச் சொன்னான். அதற்கு ஒன்றுக்கு மூன்று. அப்போது மணி இரண்டு. இரண்டு மணிக்குத் திடலை விட்டுப் புறப்படுவது என்பது காலையிலேயே பேசிய பேச்சு. பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மருமகன் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் 2,000 ரூபாவையும் இழந்தவர்; ஆனால் திருவிழாப் பார்த்துவிட்டு வீடு திரும்புபவர்போல் மலர்ந்த முகத்தோடு சால்வையை உதறிப் போர்த்துக்கொண்டார்.

“நீ தோத்திருந்தா நான் கவலைப்பட மாட்டேன் தம்பி. ஒரு ராத்திரி வருத்தம், அவ்வளவுதான். ஜெயிச்சிட்டியே, அதுதான் எனக்குக் கவலை” என்றார்.

மருமகன் அரைமனதோடு எம்முடன் வந்தான். ஹாலிஎலக்குத் திரும்பும் பஸ் பாதையிலேயே சீதா எலியவும் ஹக்கலவும் இருப்பது எமக்கு வாய்ப்பாயிற்று. அசோகவனம் இதுவே என்று மக்கள் நம்பும் இடத்தில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. ஓடைக்கரைப் பாறைக் குழிகளை அனுமனின் காலடி என்று காட்டுகிறார்கள். அங்கே நிற்கும்போது மருமகனின் கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. அவன் கட்ட எண்ணியிருந்த அதே குதிரை வென்றுவிட்டது.

“12,000 ரூபா லாபம் போச்சு, தாத்தா!” என்றான். குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது.

“அதுவும் ஜெயிச்சிருச்சா? அப்ப இன்னும் மோசம்” என்றார் பெரியப்பா.

பெரியம்மா சந்நிதியைப் பார்த்தபடியே, “அந்த மானும் பொன்னாத்தான் இருந்துச்சு” என்று சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதன் முதற்குறளிலேயே தோல்வியைப் பற்றியன்றி வெற்றியைப் பற்றியே எச்சரிக்கிறார். சூதில் வந்த வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்கிறார். தோற்றவனைத் தடுக்க அவனுடைய வெறும் பை போதும். வென்றவனைத் தடுக்க யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டியிருக்கிறது.

ஹக்கலப் பூங்கா, சிங்கோனா மரம் பயிரிடும் பொருட்டு 1861இல் தொடங்கப்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா அம்மரப் பட்டையிலிருந்து கிடைப்பது. இன்று அங்கே ரோசாக்களும் பெரணிகளும் நிறைந்திருக்கின்றன. அங்கிருந்து கீழே பார்த்தால் ஊவாப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். எமது ஊரும் அதற்குள் எங்கோ இருக்கிறது. புற்றரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். பெரியப்பா மீண்டும் கடதாசியை எடுத்தார்.

“ரெண்டு ராத்திரியில 3,000 போச்சு. இன்னிக்கு 1,000 போச்சு. 5,000 வந்துச்சு. ஆக, மூணு நாள் ராப்பகலாப் பாடுபட்டு நீ சம்பாதிச்சது 1,000 ரூபா. மூணு நாள் வேலைக்கு ஒருநாள் பேர்! எந்தத் தோட்டத்துல இதை ஒத்துக்குவாங்க?”

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று நாட்களில் அவன் சிரித்ததை அப்போதுதான் கண்டோம். பின்பு எழுந்து பூங்காவைச் சுற்றிப் பார்க்கப் போனான்.

வெளியே கடையில் பெரியம்மா தம் இரண்டாம் பங்கில் லீக்ஸ், கரட், ஒரு சிறு பெட்டி ஸ்ட்ரோபரி, இரண்டு ரோசாக் கன்றுகள் ஆகியவற்றை வாங்கினார். கன்றுகளை மருமகனின் மடியில் வைத்து, “ஆட்டாம கொண்டு வா” என்று கட்டளையிட்டார். கெப்பெட்டிப்பொல, வெலிமடை, எட்டாம்பிட்டிய என்று பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. குளிர் விட்டு, உருளைக்கிழங்குப் பாத்திகளும் வயல்களும் வந்தன. மருமகன் இரு கைகளாலும் கன்றுகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பதுளையில் புக்கிக் கடை இருக்கிறதென்றும், இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு அங்கே பந்தயம் கட்டலாமென்றும் எம்மிடம் மெல்லச் சொன்னான். எமக்கு அப்போதுதான் பெரியப்பாவின் கவலை முழுவதும் விளங்கிற்று. நுவரெலியாவின் பந்தயத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது. திடல் வெறிச்சோடும், பஸ் புறப்படும், பெரியம்மா எழுந்து நடப்பார். புக்கிக் கடைக்கோ, கைத்தொலைபேசியில் வந்து சேரும் சூதுக்கோ கடைசி நாளே கிடையாது. இன்று போனதை நாளை மீட்கலாம் என்று சொல்லி, ஒவ்வொரு நாளையும் அவை முந்திய நாளாக்கிவிடுகின்றன.

தங்கையின் வகுப்புப் பணம் அன்று மாலையே ஒழுங்காகக் கட்டப்பட்டது. எஞ்சிய 4,000 ரூபா என்னவாயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லவேண்டிய நிலைக்கு அவனை ஆளாக்குவோமோ என்று பெரியப்பாதான் எம்மைத் தடுத்தார். ரோசாக் கன்றுகளில் ஒன்று பட்டுப்போயிற்று. மற்றது பெரியம்மாவின் வாசலில் வேர்பிடித்தது. அடுத்த சித்திரையில், கேட்பதற்கு முன்பாகவே, மருமகன் தன் பணத்தைக் கொண்டுவந்து பெரியம்மாவின் கட்டிலில் வைத்தான். அதையும் அவர் மூன்று பங்காகப் பிரித்தார்.