வத்திப்பெட்டியின் ஓரத்து எழுத்து

கியூபாவின் சுருட்டுப் பெட்டி கைக்கு வந்தால் பெரும்பாலோர் மேல்மூடியின் படத்தைத்தான் பார்ப்பார்கள். விவரம் அறிந்தவர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடிப்பலகையில் ஆலைக்கு ஒரு குறி, மாதத்துக்கும் வருடத்துக்கும் ஒரு குறி என முத்திரைகள் இருக்கும். 1980களின் நடுவிலிருந்து 1990களின் இறுதிவரை அந்தத் தேதி ஒரு மறைமொழியில் இருந்தது. ‘நிவேல் அகூசோ’ என்பது திறவுகோல். எந்த எழுத்தும் இருமுறை வராத பத்து எழுத்துக்கள்: என், ஐ, வி, ஈ, எல், ஏ, சி, யூ, எஸ், ஓ. முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து சுழி. ‘ஓ ஏ யூ யூ’ என்றிருந்தால் 0688, அதாவது 1988 ஜூன். நம்மூர் ஜவுளிக்கடைகளில் அடக்கவிலையைப் பத்தெழுத்துச் சொல்லில் ஒளித்து எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. 2000 முதல் கியூபாக்காரர்கள் மாதப் பெயரின் சுருக்கத்தையே வெளிப்படையாகக் குத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஆலைக்குறிதான் எனக்குச் சுவையானது. எச். உப்மன் என்று உலகம் அறிந்திருந்த ஆலைக்குப் புரட்சிக்குப் பிறகு ஹோசே மார்த்தியின் பெயர் சூட்டப்பட்டது. மூடியில் பழைய முதலாளியின் பெயர் வணிகத்துக்காக நீடிக்க, அடியில் ‘ஜே.எம்.’ என்ற புதுப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாட்டின் சரித்திரம் பெட்டியின் இரு பக்கங்களிலும் பிரிந்து கிடந்தது என்றே சொல்லலாம்.

திருவொற்றியூரில் நாங்கள் சுருட்டுப் பெட்டியைக் கண்டதில்லை. எங்களுக்கு வாய்த்தது வத்திப்பெட்டி. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளி ஐவர் குரூகரின் குழுமம் 1923இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, தன் ஆலைகளுள் ஒன்றை இங்கே வைத்தது. (குரூகர் 1932இல் பாரிசில் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தார், அவருடைய சாம்ராஜ்யமும் சரிந்தது.) அதே 1923இல்தான் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பினார்கள் என்பது தனிக்கதை. விம்கோவின் பிற ஆலைகள் அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, துப்ரி ஆகிய ஊர்களில் இருந்தன. எங்கள் பகுதியில் கம்பெனியின் பெயரே ரயில் நிலையமாயிற்று. 2021இல் மெட்ரோ நிலையமும் ஆயிற்று.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் புலியையும் கப்பலையும் பார்த்து மயங்குகிறார்கள். படம் காலத்தைச் சொல்லாது. விற்கிற படத்தை எந்த முதலாளியும் மாற்றமாட்டார், அடுத்த முதலாளியோ அதைச் சற்றே திருத்தித் தனதாக்கிக்கொள்வார். காலத்தைச் சொல்பவை ஓரத்துப் பொடி எழுத்துக்கள்தாம். 1934ஆம் ஆண்டுத் தீப்பெட்டிக் கலால் சட்டத்துக்குப் பின் பெட்டியைச் சுற்றி வரிச்சீட்டு ஒட்டப்பட்டது. திறக்கும்போது அது கிழியும். விலை ‘ந.பை.’ என்றிருந்தால் அது 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா மிஞ்சியது. முகவரியில் ‘மெட்ராஸ்-19’ என்றிருந்தால் அஞ்சல் குறியீட்டு எண் வந்த 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. ‘600 019’ என்றிருந்தால் நிச்சயம் பிந்தியது. 1996க்குப் பிறகு மெட்ராஸ், சென்னை ஆகிறது. 1977ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருடம், விலை எல்லாவற்றையும் அச்சிடச் சொல்லின. அதன் பிறகு படிப்பது எளிது, முத்திரை மழுங்காமல் இருந்தால்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிதாக வந்த குறி, ‘இதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது’ என்பதை உறுதியாகச் சொல்லும். ‘இதற்குப் பின் அச்சாகியிருக்காது’ என்பதை உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. அச்சுக்கட்டை தேயும்வரை பழைய முகவரியும் பழைய விலையும் வந்துகொண்டே இருக்கும். சுருட்டுப் பெட்டியின் முத்திரை பொருளின் வயது. நம் ஓரத்து எழுத்து அச்சுக்கட்டையின் வயது மட்டுமே.

என் சித்தப்பா இந்தப் பகுதியின் ஆலைகள் பலவற்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். எந்த ஆலையும் அவருக்குப் பணிச்சான்று என்று ஒரு தாள் தந்ததில்லை. அவர் விட்டுச்சென்றது ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தீப்பெட்டிப் படங்கள். எதிலும் தேதி எழுதிவைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த அன்று வாங்கிய முதல் பெட்டி என்று ஒரு படத்தை மட்டும் எடுத்துக் காட்டுவார். அவர் எந்த வருடம் வந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. ரேஷன் அட்டையில் இருக்கும் வயதையோ யாரும் நம்புவதில்லை. சித்தியைக் கேட்டால், “கல்யாணத்துக்கு முன்னாடியேப்பா, நயா பைசா வந்த புதுசு” என்பார். படத்தைத் திருப்பி, ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ‘ந.பை.’ இருந்தது. ஆகவே 1957க்கு முந்தியதில்லை. தீப்பெட்டி கடையில் வருடக்கணக்கில் தேங்கும் சரக்கன்று. கல்யாணம் 1962இல். இடையில் ஐந்து வருடங்கள். அதற்குமேல் அந்தத் தாளிலிருந்து கறக்க முடியவில்லை. சித்திக்கு அதுவே போதுமாக இருந்தது. “நான் சொன்னேன்ல” என்றார், ஏதோ வழக்கில் வென்றவர்போல.

டப்பாவின் அடியில் முழுப்பெட்டி ஒன்றும் இருந்தது, குச்சிகளோடு. மாத முத்திரை விரல்பட்டு அழிந்திருக்கிறது. விலை 1 ரூபாய். தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கு விற்றது 2007 முதல் 2021 நவம்பர் வரை. சித்தப்பா 2010இல் காலமானார்.