முதல் பக்கம்

பினாங்குக்குப் போகிறேன் என்றால் ஆபீசில் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் தருவார்கள். நாசி கண்டார், செண்டோல், சார் குவே தியாவ். அதெல்லாம் நானும் சாப்பிடுவேன். ஆனால் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி பெர்ரி ஏறுவது பழைய புத்தகத்துக்காக. ‘புயலிலே ஒரு தோணி’யின் 1972 பதிப்பு என்றைக்காவது கையில் சிக்கும் என்கிற பேராசையும் உண்டு. ப. சிங்காரத்தின் பாண்டியன் புயலைத் தாண்டி வந்து சேர்கிற ஊர் இதுதானே.

பினாங்கு ரோட்டில் இருக்கிறது சௌராஸ்தா சந்தை. கீழே மீன், காய்கறி, ஊறவைத்த ஜாதிக்காய். மாடி ஏறினால் பழைய புத்தகக் கடைகள். எதிரில் ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டும். நான் யுனிவர்சிட்டியில் படித்த தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் யாரோ போட்ட மஞ்சள் கோடுகளோடு அங்கே கிடக்கும். கடைக்காரர்களில் தமிழ் முஸ்லிம்கள் உண்டு. பேச்சு தமிழ், அடுக்கில் இருப்பது மலாயும் ஆங்கிலமும். “அண்ணே, தமிழ் இருக்கா?” என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு ஸ்டூலுக்கு அடியில் கை காட்டுவார்கள்.

தமிழ்ப் புத்தகம் எது கிடைத்தாலும் முதல் பக்கத்தைத்தான் திறப்பேன். கையெழுத்து பார்க்க.

தாத்தா ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினவர். அந்தச் சம்பளத்தில் மு.வ., அகிலன், நா. பார்த்தசாரதி என்று வாங்கி, ஒவ்வொன்றிலும் பச்சை மையில் பெயரும் தேதியும் எழுதுவார். அவர் போன பிறகு வீடு மாறினோம். அந்த வாரம் தாமானுக்குள் ‘சுராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு பழைய பேப்பர் லாரி வந்தது. பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். நிறுத்துப் பார்த்து எட்டு வெள்ளி கொடுத்தார்கள். போனுக்கு டாப்-அப் போட்டேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயசு, துளி வருத்தமில்லை. வருத்தம், நானாகத் தமிழ் நாவல் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு வந்தது.

போன தடவை காலையிலேயே லோரோங் கூலிட்டுக்குப் போனேன். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை. தரையில் தார்ப்பாய் விரித்துக் கைக்கடிகாரம், நாணயம், ரேடியோ என்று பரப்பியிருப்பார்கள். ஒரு பெரியவரின் பாயில், ரைஸ் குக்கர் பக்கத்தில், அட்டை போன ‘அகல் விளக்கு’. திறந்தேன். நீல மை. வேறு யாருடைய பெயரோ. கீழே ‘தீபாவளி 1969’.

“எங்கேருந்து ஐயா வந்துச்சு?”

“வீடு காலி பண்றவங்க கூப்பிடுவாங்க தம்பி. பெருசுங்க போயிட்டா புள்ளைங்களுக்கு வைக்க இடமில்ல. குக்கரு வித்துரும். இது சும்மா கூட வந்தது.”

“எவ்வளவு?”

“குடுக்கறதக் குடு.”

எட்டு வெள்ளி கொடுத்தேன். அதிகம் என்று சொல்லி ஒரு பழைய டார்ச் லைட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

பழைய புத்தகம் தேடுவதை இத்தனை நாள் ஒரு சுகமான பொழுதுபோக்காகத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சுகத்துக்குச் சரக்கு அனுப்புவது என் மாதிரி பேரன்கள்தான். சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் தீயில் போனது என்று படித்திருக்கிறேன். இங்கே தீ தேவையில்லை, வீடு மாறினால் போதும். அதில் ஏதோ ஒரு புத்தகம் லாரியில் ஏறாமல் தார்ப்பாய் வரைக்கும் வந்துவிடுகிறது. அதற்கு மேல் அது பிழைப்பது, யாராவது குனிந்து எடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

தாத்தாவின் புத்தகங்கள் எப்போதோ கூழாகியிருக்கும். தெரியும். இருந்தாலும் அடுத்த தடவையும் முதல் பக்கத்தைத்தான் திறப்பேன்.

திரும்பும் பெர்ரியில், அந்த நீல மைக்குக் கீழே என் பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அந்த வீட்டுப் பேரனும் எங்கேயாவது தேடிக்கொண்டிருக்கலாம்.