தாழைக் களிக்கு ரொட்டி என்று பேர்

போர்ட் பிளேர்
(ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், கைக்கு இன்னும் வரவில்லை)

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். டொராண்டோவில் நீ சுட்ட வாழைப்பழ ரொட்டியின் படம் பார்த்தேன். நடுவில் அமுங்கிக் கிடக்கிறது. சோடா உப்பை அள்ளிக் கொட்டியிருப்பாய். "நம்ம தீவுல பழரொட்டி முதல்ல யார் சித்தி செஞ்சது?" என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவைக் கேட்டால் ராஸ் தீவைக் காட்டுவாள். அங்கே வெள்ளைக்காரர்களின் பேக்கரி இடிந்து, சுவரெல்லாம் ஆலவேர் படர்ந்து நிற்கிறது. ஆனால் அது 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய பிறகு வந்தது. நான் சொல்லப்போவது அதைவிடப் பழசு. அதில் மாவும் கிடையாது, ஈஸ்டும் கிடையாது.

நிக்கோபாரில் கமோர்ட்டாவில் டீச்சராக இருந்தபோது அதைத் தின்றிருக்கிறேன். அதைச் செய்வது ஒரு மரத்தின் பழத்தில். நம் தாழையின் உறவுக்கார மரம்தான் அது. தாழம்பூ ஆண்மரத்தில் பூப்பது. நம் பெண்கள் அதைச் சடையில் வைத்துத் தைத்துக்கொண்டார்கள், பெண்மரத்துப் பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிக்கோபாரிகளுக்கோ அந்த உறவுக்கார மரத்தின் பழம்தான் சோறு மாதிரி. ஒரு பழமே பத்துக் கிலோவைத் தாண்டும்.

பழத்தைப் பிளந்து, சுளைசுளையாகப் பானையில் அடுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, இலையால் மூடி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெந்த சுளையைச் சிப்பி ஓட்டால் சுரண்டினால் மஞ்சளும் சிவப்பும் கலந்த களி வரும். கூடவே நாரும் வரும். சூட்சுமம் அங்கேதான். பக்கத்து வீட்டுப் பாட்டி களியை உருட்டி வைத்து, ஒரு நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கட்டிச் சோப்பை அறுக்கிற மாதிரி அறுத்தாள். நூலோடு நார் ஒட்டிக்கொண்டு வந்தது. வழித்துப் போட்டாள், திரும்ப உருட்டினாள், திரும்ப அறுத்தாள். எத்தனை தடவை என்று இந்தியில் கேட்டேன். "நார் வர்றது நிக்கிற வரைக்கும்" என்றாள். நானும் ஒரு நாள் செய்து பார்த்தேன். கை வலித்துப் பாதியில் விட்டுவிட்டு, மறுநாள் முழுக்கப் பல் குத்திக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் எழுதிவைத்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள். நம் தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் போய் 1756-இல் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையது என்றார்கள். 1768-இல் மொரேவியப் பாதிரிமார் அங்கே நங்கவ்ரித் தீவில் இறங்கி, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்து, 1787-இல் திரும்பினார்கள். நடுவில் 1778-இல் ஆஸ்திரியக் கொடி பறந்த கப்பலில் நிக்கோலஸ் ஃபொன்டானா என்ற மருத்துவர் வந்தார். அவருடைய கட்டுரை கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் வெளியானது. போர்த்துக்கீசியர் 'மெல்லோரி' என்று அழைத்த பழம் இது. தாவர நூல்களில் 'பாண்டனஸ் லெரம்'. லெரம் என்பது தீவுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்தது. வந்த வெள்ளைக்காரர்கள் அதை ரொட்டி என்றே எழுதினார்கள். பசிக்கிறவனுக்கு அவனவன் ஊர்ச் சாப்பாடுதானே கண்ணில் தெரியும்! நம்மூர்க்காரன் முந்திக்கொண்டு எழுதியிருந்தால் பனங்களி என்றிருப்பான். யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைப் பிசைந்து நார் நீக்கிக் காயவைக்கிற பனாட்டுக்கு இது சித்தப்பா மகன். என்னைக் கேட்டால் களி என்பதுதான் சரி.

பானையைச் சொல்ல மறந்தேன். அது சௌரா தீவில் பெண்கள் கையால் வனைந்தது. சௌராவில் களிமண் கிடையாது. தெரசா தீவிலிருந்து படகில் வரவேண்டியிருந்தது. சௌராவைத் தவிர வேறு தீவில் யாராவது வனைந்தால் கேடு வரும் என்று நம்பினார்கள். ஆக மண் ஒரு தீவு, கை ஒரு தீவு, பழம் இன்னொரு தீவு. இதை எந்தச் சமையல் புத்தகத்தில் 'தேவையான பொருட்கள்' என்று எழுதுவது?

2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரத் தாழையும் தென்னையும் போயின. சௌராக்காரர்களையே தெரசாவுக்கு மாற்றிக் குடிவைத்தார்கள். முகாம்களுக்கு ரேஷன் அரிசி வந்தது. தாழைக் கன்று வைத்தால் அன்றைக்கே காய்த்துவிடுமா?

ஒரு துண்டு பார்சலில் அனுப்பு என்கிறாய். கஸ்டம்ஸ்காரனிடம் என்னவென்று எழுதுவேன், ரொட்டியா, களியா? அடுத்த தடவை சோடா உப்பு அரை ஸ்பூன் போதும். வெந்ததா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு எடு.

சித்தி