பேத்திக்கு மீன் கொடுக்கலாமா?

கெலிஓயாவில் மீன் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அந்த அக்காவை நான்தான் மறித்தேன். விடத்தல்தீவில் பிறந்தவர். மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தார். இப்போது மகளின் குடும்பத்தோடு இங்கே இருக்கிறார்.

"ஏன் அக்கா, மீன் வாங்கவில்லையா?"

"யப்பான்காரன் அணுத்தண்ணியைக் கடலுக்க விடுறானாம் பிள்ளை. பேத்திக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

"ஆபத்தில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் அக்கா."

"பாதுகாப்பு வலயம் எண்டும் சொன்னவங்கள்தானே."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் படித்தது சமூகவியல். அணு விஞ்ஞானம் அல்ல. ஆனாலும் அன்றிரவு தேடி வாசித்தேன்.

2011 மார்ச்சில் சுனாமி புக்குஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தது. உருகிய எரிபொருளைக் குளிர்விக்கும் நீர் தாங்கிகளில் சுமார் 13 இலட்சம் தொன் சேர்ந்துவிட்டது. அதை வடிகட்டி, பெரும்பாலான கதிரியக்கப் பொருட்களை அகற்றுகிறார்கள். ட்ரிட்டியம் மட்டும் தண்ணீரோடு தண்ணீராகவே இருப்பதால் வடிகட்டியில் நிற்காது. ஆகவே கடல்நீர் கலந்து, லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே குறைத்து, 2023 ஓகஸ்ட் 24இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 10,000. ட்ரிட்டியம் மீனின் உடம்பில் பெரிதாகச் சேர்வதுமில்லை. சுமார் 12 வருடத்தில் பாதியாகிவிடும். எலும்பில் தங்குகிற ஸ்ட்ரொன்சியம் போன்றவைதான் பொல்லாதவை. வடிகட்டி முப்பது வருடமும் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதுதான் என் மனதில் நிற்கும் கேள்வி. சர்வதேச அணுசக்தி முகவரகம் பாதிப்பு மிக அற்பம் என்றது. சீனா நம்பாமல் அன்றைக்கே யப்பான் கடலுணவை நிறுத்தியது.

யப்பானை விட எங்களுக்குக் கிட்ட இருப்பது கூடங்குளம். மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் 1,000 மெகாவாட் உலைகள் ஓடுகின்றன. புக்குஷிமாவைப் பார்த்த பிறகு, 2011இல் இடிந்தகரைப் பெண்கள் பிள்ளைகளோடு பந்தலில் குந்தியிருந்து கேட்டதும் இந்த அக்காவின் கேள்வியைத்தான்: சுடுநீர் விட்டால் மீன் என்னாகும், விபத்து வந்தால் நாங்கள் எங்கே போவது? 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் போட்டு நிலையத்தை அனுமதித்தது.

அடுத்த ஞாயிறு அரைக் கிலோ சாளை வாங்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசித்ததையெல்லாம் சொன்னேன். இந்த மீனால் பேத்திக்குக் கெடுதல் வராது, மீன் கொடுக்காமல் விடுவதுதான் வளர்கிற பிள்ளைக்கு நட்டம் என்றேன்.

"அளக்கிறது ஆர்? அவங்களேவா?"

"அவர்களும் அளக்கிறார்கள். வேறு நாட்டு ஆய்வுகூடங்களும் அளந்து பார்க்கின்றன."

"எங்கட மன்னார்க் கடலை?"

"இலங்கை அணுசக்தி சபைக்கு எழுதிக் கேட்போம் அக்கா."

"எழுது. நானும் கையெழுத்துப் போடுறன்" என்றவர், சாளையைச் சட்டியில் கொட்டிவிட்டுப் பேத்தியிடம் கத்தியை எடுத்துவரச் சொன்னார்.